கம்ப்யூட்டரில் குவைத் நேரம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டால் முதலில் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் இரண்டே வரி, கம்ப்யூட்டரை ஓட்டுகிற இரண்டு சாப்ட்வேரின் பேர். மேலே இருப்பது லினக்ஸ், கீழே இருப்பது விண்டோஸ். எதற்குள் போக வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தால், கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதுவாகவே மேல்வரிக்குள் போய்விடும். மேல்வரி என் வீட்டுக்காரருடையது, கீழ்வரி என்னுடையது. ஒரே பெட்டிக்குள் ஆளுக்குப் பாதி.

"உங்க பாதிய மட்டும் மேல தூக்கி வச்சுக்கிட்டீகளாக்கும்?" என்று அப்போதே கேட்டேன்.

"நீ ஒண்ணும் செய்யாம சும்மா இருந்தாலும் ஏம் பக்கம் வந்து சேரணும்ல, அதுக்குத்தான்" என்றார். பேச்சில் மட்டும் எந்தக் குறைச்சலும் கிடையாது அந்த மனிதருக்கு.

அவர் குவைத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இதே பிழைப்புதான். மகள் பிறந்து, வளர்ந்து, இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அத்தா என்று கூப்பிடுகிற இவரோடு அவள் ஒரே வீட்டில் இருந்த நாளையெல்லாம் சேர்த்தால் ஒரு வகுப்பு படித்து முடிக்கக்கூட ஆகாது. நான் அருப்புக்கோட்டையில், விடிந்தால் அடைந்தால் தறிச் சத்தம் கேட்கிற தெருவில் இருந்துகொண்டு, ஜாக்கெட்டுக்கு எம்பிராய்டரி போட்டுக் கொடுக்கிறேன். கையால் இல்லை. திரையில் டிசைன் வரைந்து அனுப்பினால் மெஷின் தைக்கும். நூல் மாற்றுவதும், அறுந்தால் கோர்ப்பதும், வருகிறவர்களிடம் வாய் கொடுப்பதும் என் வேலை.

அவருடைய பாதிக்குள் போனால் மூலையில் இருக்கும் மணி குவைத் மணி. நம் மணிக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். முதன்முதலில் பார்த்தபோது கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்தே போனேன். "கெடல, நான்தான் அப்படி வச்சிருக்கேன். நான் இப்ப என்ன செஞ்சுக்கிட்டிருப்பேன்னு நீ பாத்ததும் தெரியணும்ல" என்றார். கிறுக்குத்தனம் என்று திட்டினேன். ஆனால் அவர் ஊருக்குப் போன பிறகு, காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் அந்தப் பாதிக்குள்தான் முதலில் போவேன். ஒரு வேலையும் இருக்காது. மூலையில் மணியைப் பார்ப்பேன். இப்போது தூங்குகிறார். இப்போது எழுந்து குளியலறைக்கு வரிசையில் நிற்கிறார். இப்போது கம்பெனி வண்டியில் ஏறுகிறார். பிறகு என் பாதிக்குள் போய் என் வேலையைப் பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. ஜும்ஆ தொழுதுவிட்டு அறைக்கு வந்ததும், அங்கிருந்தே நெட் வழியாக இந்தப் பெட்டிக்குள் வந்துவிடுவார். நான் அவருடைய பாதியைத் திறந்து வைத்துக் காத்திருப்பேன். திரையில் அம்பு சும்மா கிடக்கும். திடீரென்று அசையும். நான் மவுசைத் தொட்டிருக்க மாட்டேன். வந்துவிட்டார் என்று அர்த்தம்.

ஒரு வெள்ளைப் பக்கம் திறக்கும், எழுத்து ஒவ்வொன்றாக விழும். சாப்டியா? நானும் அதன் கீழேயே அடிப்பேன். போனில் முகம் பார்த்துப் பேசுவதெல்லாம் தினமும் உண்டுதான். ஆனால் போனில் தெரிவது குவைத்தில் இருக்கிற ஆள். இந்த அம்பு என் வீட்டுக்குள், என் மேசையில் நகரும். கண்ட இடத்தில் நான் போட்டு வைத்திருந்த படங்களையெல்லாம் எடுத்து அடுக்கும், திட்டும், ஒழுங்காக வை என்று எழுதும். அப்போது வேண்டுமென்றே மவுசைப் பிடித்து இந்தப் பக்கம் இழுப்பேன். அவர் அந்தப் பக்கம் இழுப்பார். அம்பு நடுவில் நின்று நடுங்கும். அந்த இழுபறியில் அவருடைய கை இருப்பது எனக்குத் தெரியும். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எம்பிராய்டரி வேலை நன்றாகவே பிடித்துக்கொண்டது. கல்யாணச் சேலை எடுக்கிறவர்கள் பாலவனத்தம், திருச்சுழிப் பக்கமிருந்தெல்லாம் வர ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில்தான் எங்களுக்குள் ஒரு பேச்சு நடந்தது. நான்தான் ஆரம்பித்தேன்.

"இன்னொரு மெஷின் போட்டா வீட்டுச் செலவு முழுக்க இதுலயே ஓடிரும் மச்சான். அப்புறம் நீங்க எதுக்கு அங்க கெடக்கணும்?"

"மெஷின் போடு. அது நல்லா ஓடுச்சுன்னா இந்தக் கான்ட்ராக்டோட முடிச்சுக்கிட்டு வந்துர்றேன்" என்றார். அந்தப் போனை வைத்துவிட்டு அன்றைக்கு முழுதும் நான் தரையில் நடக்கவில்லை.

மெஷின் வந்தது. அதோடு வந்த சாப்ட்வேர் பழைய விண்டோஸில் ஏறாது, புது விண்டோஸ்தான் வேண்டும் என்றது. பழையதை எடுத்துவிடலாம் என்றால், பழைய மெஷின் பழைய விண்டோஸோடு மட்டும்தான் பேசும். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் போட்டுப் பார்த்தார்.

"பாதி எடத்த லினக்ஸ் அடச்சுக்கிட்டு இருக்கேக்கா. யாரு இத யூஸ் பண்றா? தூக்கிப் போட்டுட்டு அதுல புதுச ஏத்திருவோம்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ! "யாரு யூஸ் பண்றாகன்னு ஒங்ககிட்டச் சொல்லணுமா? மொதல்ல கம்பியக் கழட்டுங்க, நான் வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்றேன். அவர் பாவம், என்ன தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமல் விழித்தார். பிறகு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. புது விண்டோஸை ஒரு பென்டிரைவில் போட்டு வாங்கிக்கொண்டேன்.

அவரிடம் சொன்னேன். ஏதாவது வேறு வழி சொல்வார், வேறு ஒரு டிஸ்க் மாட்டு, வேறு கம்ப்யூட்டர் பார் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர், "அதுக்கென்ன, ஏம் பாதிய எடுத்துரு" என்றார்.

"வெள்ளிக்கிழமை எப்படி வருவீக?"

"புதுசுலயும் அந்த மாதிரி பண்ணிக்கிடலாம் புள்ள."

பண்ணிக்கொள்ளலாம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் எனக்கு வேலை நெருக்கும், ஞாயிறு முகூர்த்தத்துக்கு வாங்கிப் போகிறவர்கள் சனிக்கிழமை வந்து நிற்பார்கள். மெஷின் ஓடுகிறபோது அம்பு இரண்டு பேர் கையில் இருந்தால் தையல் கெட்டுவிடும். அவரைக் கூட்டிவருவதற்காக நான் போட்ட மெஷின், அவர் வந்து உட்கார்கிற இடத்தைத்தான் முதலில் கேட்டது. இருக்கட்டும், ஆளே வரப்போகிறார், அம்பு எதற்கு என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

கடைசி வெள்ளிக்கிழமை அவர் வந்து தன் பாதியைக் காலி செய்தார். மகளின் சின்ன வயதுப் படங்கள், பெருநாள் படங்கள், பழைய வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் எடுத்து என் பாதிக்குள் போட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் முடிந்ததும் அம்பு நடுத்திரையில் வந்து நின்றது. நான் மவுசை இந்தப் பக்கம் இழுத்தேன். அவர் இழுக்கவில்லை. வெள்ளைப் பக்கத்தில், சரி, அணச்சிரு என்று எழுத்து விழுந்தது. அணைத்தேன்.

மறுநாள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல நானே செய்தேன். திரையில் டிஸ்க்கின் துண்டுகள் வரிசையாக வந்தன. பேர் எதுவும் இல்லை, அளவுதான் இருந்தது. அவர் அளவைச் சொல்லி, இதுதான் என்றார். அழிக்கவா என்று பொத்தானைத் தட்டினால், இதில் உள்ளதெல்லாம் போய்விடும், சரியா என்று கேட்டது.

"நீங்களே சொல்லுங்க. அழுத்தவா?"

"அழுத்து."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நான் ஒண்ணும் அதுக்குள்ள உக்காந்திருக்கல. அழுத்து புள்ள."

அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. அந்த வரி மட்டும் காலி இடம் என்று மாறியது. அதன் மேல் புது விண்டோஸ் ஏற ஆரம்பித்தபோது அவர் பக்கம் நெட் போய் போனும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அது கேட்ட கேள்விகளுக்கு நான் ஒருத்தியாகத்தான் பதில் சொன்னேன்.

முதல் கேள்வியே, எந்த நாடு? நாடுகளின் பெயர்கள் வரிசையாக ஓடின. இந்தியா என்று அழுத்த வேண்டும், அது தெரியாத கழுதையா நான்? ஆனால் அந்தப் பாதி என் மனதில் இத்தனை வருடமும் குவைத்தாகவே இருந்தது. அவருடைய இடம், அவருடைய நேரம். கை தானாக நகர்ந்து குவைத் என்பதை அழுத்திவிட்டது. எல்லாம் முடிந்து புதுத் திரை வந்தது. மூலையில் பார்த்தால் இரண்டரை மணி நேரம் பின்னால் மணி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போதும் கம்ப்யூட்டரைப் போட்டால் இரண்டு வரிதான் வருகிறது. கறுப்புக்குப் பதில் நீலத் திரை. புது விண்டோஸ், பழைய விண்டோஸ். இரண்டும் நான்தான்.

அந்த மணியால் வந்த வினையையும் சொல்ல வேண்டும். திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா, மகள் நிச்சயத்துக்கு ஜாக்கெட் கொடுத்திருந்தார். பதினொரு மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும், பத்தரைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். நான் மெஷினை ஓட்டிக்கொண்டே மூலையில் பார்த்தேன், எட்டு. நேரம் கிடக்கிறது என்று கழுத்துப் பூவில் இன்னும் இரண்டு இதழைக் கூட்டி, நிதானமாக நூல் மாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டரையைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அன்றைக்கென்று மண்டையில் ஏறவில்லை. வாசலில் அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"என்னம்மா, முடிஞ்சிருச்சா?"

"எட்டு மணிக்கே வந்துட்டீக?"

"எட்டா? ஏந்தாயி, ஒங்க வீட்டுக் கடியாரம் எந்த ஊருல ஓடுது?"

அவர் ஒரு கோபத்தில்தான் கேட்டார். "குவைத்துல ஓடுதும்மா" என்றேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "சரி சரி, அடுத்த பஸ்ஸுக்குப் போய்க்கிறேன். நீ பதறாமத் தையி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் வீட்டிலும் யாராவது அந்தப் பக்கம் இருந்திருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

இதைப் போனில் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மாத்தித் தொலையேன் புள்ள, ரெண்டு தட்டுத்தான்."

"மாட்டேன். நீங்க வந்து மாத்துங்க."

"சரி, வந்து மாத்துறேன்."

அவருக்கு அது ஒரு பேச்சு. எனக்கு அப்படி இல்லை. இந்த மனிதர் வந்து அந்த மணியை மாற்றினால், இனிமேல் நம்ம மணிதான் அவருக்கும் என்று அர்த்தம். அப்படி நானாக ஒரு முடிவு கட்டிக்கொண்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மனதில் இல்லாமலேயே மாற்றிவிடுவார் என்று பயம்.

வந்தார். ஒரு மாத லீவு. பெட்டியை இறக்கி வைத்ததுமே டிக்கெட்டைப் பார்த்துவிட்டேன், போக வர இரண்டுக்கும் சேர்த்துப் போட்டிருந்தார். "எல்லாரும் அப்படித்தான் போடுவாக, அதுல என்ன இருக்கு" என்றார். நின்றுவிடுவீர்களா என்று கேட்டால், "பாப்போம்". மெஷின் ஓடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். வருகிறவர்களைப் பார்த்தார். சொட்டிக்கொண்டிருந்த குழாயை மாற்றினார், உப்புத் தண்ணீரில் அடைத்துப்போன மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்தார், மின்விசிறிக்கு எண்ணெய் விட்டார், கோயம்புத்தூர் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தார். மணியை மட்டும் தொடவில்லை. தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் மூலையைப் பார்ப்பேன். குவைத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

கிளம்ப ஒரு நாள் இருக்கையில் பெட்டி கட்டியாகிவிட்டது. காராச்சேவு, சுக்கு, மிளகாய்ப்பொடி எல்லாம் உள்ளே வைத்துவிட்டேன். காலையில் வேலைக்கு உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். மூலையில் மணி ஒன்பதரை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பதரை. போனை எடுத்துப் பார்த்தேன், ஒன்பதரை.

யா அல்லாஹ், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனிதர் கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கேட்கலாம் என்று எழுந்தவள், கேட்கவில்லை. அவரே வாயால் சொல்லட்டும் என்று விட்டுவிட்டு நேராகப் பெட்டியைப் போய்த் திறந்தேன். காராச்சேவுப் பொட்டலத்தை எடுத்தேன், பிரித்தேன், தட்டில் கொட்டினேன். டீ போட்டேன். இனி அது எதற்குப் பெட்டிக்குள்?

அவர் உள்ளே வந்து தட்டைப் பார்த்தார். "ஏ புள்ள, அது பெட்டியில வச்சதுல்ல? ரூம்ல பசங்க கேப்பாகளே."

நான் சிரித்துக்கொண்டே, "மணிய மாத்திட்டீகல்ல" என்றேன்.

"ஆமா, காலைல பாத்தேன். நான் போனப்புறம் இன்னொரு அம்மா வந்து பஸ்ஸ விட்டுறக் கூடாதேன்னு மாத்தினேன்."

என் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. "அப்ப நாளைக்குப் போறீகளா?" என்று கேட்டேன். அவருக்கு அப்போதுதான் ஏதோ புரிந்தது. உட்கார்ந்தார்.

"வரும்போதே கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வந்தேன். இன்னும் ரெண்டு வருசம். அவ படிப்பு முடியட்டும்னு. வந்த அன்னைக்கே சொல்லிருக்கணும். ஒம் முகத்தப் பாத்துச் சொல்ல வரல."

"முகத்தப் பாத்துச் சொல்லாம, மணிய மாத்திச் சொல்றீகளாக்கும்! நீங்க நின்னுட்டீகன்னு நெனச்சேன். போக மாட்டீகன்னு நெனச்சுத்தான் பொட்டலத்தப் பிரிச்சேன். நல்லாத் திங்கட்டும் ஒங்க ரூம்ல உள்ளவுக" என்று கத்தினேன். காராச்சேவைத் திரும்பப் பொட்டலமாகக் கட்டினேன். கட்டும்போது பாதி தரையில் கொட்டியது. அன்றைக்கு முழுதும் மெஷின் சத்தம்தான் வீட்டில் பேசியது.

மறுநாள் நாலரைக்கே எழுந்தார். குளித்தார், தொழுதார். டீயை அவர் முன்னால் டக்கென்று வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஆறு மணிக்குத் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போக வாடகைக் கார் வந்து ஹாரன் அடித்தது. பெட்டி வாசலுக்குப் போகிற சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. மெஷின் அறைக்குள் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். கொஞ்ச நேரம் எதையோ தட்டினார். அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"பழையபடி வச்சுட்டேன். அடுத்த தடவ வந்து மாத்துறேன். அப்ப திருப்பி வைக்க மாட்டேன்" என்றார்.

நான் திரும்பவில்லை. பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். "வாரேன்" என்றார். அதற்கும் பதில் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனை தடவை வழியனுப்பியிருக்கிறேன், ஒரு தடவைகூட வாசலுக்கு வந்து போயிட்டு வாங்க என்று சொல்லாமல் இருந்ததில்லை. கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டி தெருமுனை திரும்பிப் போய்விட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு மெஷின் அறைக்குப் போனேன். திரை எரிந்துகொண்டிருந்தது. மூலையில் மணி மூன்றரையைத் தாண்டியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்தேன். அந்த மணிப்படி அவர் இன்னும் கிளம்பவில்லை. தூங்கிக்கொண்டிருக்கிறார்.

எழுந்திருக்கவில்லை நான். திரையில் நாலரை ஆனது, எழுந்தார். குளித்தார். ஐந்து ஆனது, தொழுதார். டீ கேட்டார். இந்தத் தடவை நன்றாக ஆற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து கொடுத்தேன். காராச்சேவைச் சிந்தாமல் கட்டினேன். தெருவில் தறிகள் ஓட ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது, ஜன்னல் கம்பியில் வெயில் ஏறிவிட்டது. அழுதேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

திரையில் ஆறு ஆனது. எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனேன். தெருவில் சுள்ளென்று வெயில் அடித்தது. தெருமுனையைப் பார்த்துக் கையை ஆட்டினேன்.

"போயிட்டு வாங்க மச்சான்."

எதிர்வீட்டுக்காரி தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "அவுக விடியவே போயிட்டாகளே. யாருக்குக் கை காட்டுற?"

"எங்க வீட்டு மணிக்கு இப்பத்தான் போறாக" என்றேன்.